சுரங்கத்துச் சோறு

அந்தத் தூக்கு மேல கால் படாம ஒக்காரும்மா. இரு, நான் மடியிலயே வெச்சிக்கிறேன். கனமெல்லாம் இல்ல. எங்க வூட்டுக்காரரு சோறு. அதோ, முன்னாடி சன்னலோரம் பச்சைத் துண்டத் தலையில சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்காரு பாரு, அவுருதான். கால நீட்டி ஒக்காரணும், நீ பின்னால போயி பொம்பளைங்க பக்கம் ஒக்காருன்னு அவுருதான் அனுப்பி வுட்டாரு. ரெண்டு காலும் வீங்கிக் கெடக்குது. புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போறம். வாரத்துல ரெண்டு நாளு போயி, ரத்தத்த மெஷின்ல வுட்டுச் சுத்தம் பண்ணிக்கிட்டு வரணும். கிட்னி போயிடுச்சி.

நீ டவுன்ஷிப்புலதான பஸ்ஸு ஏறுன? புதுசா இருக்குறியே. பேரு என்ன? கயல்விழியா. மாப்ள என்ன பண்றாரு? அப்பிடியா, சுரங்கத்துல காண்ட்ராக்டா. பெல்ட்டா? எங்க வூட்டுக்காரரும் பெல்ட்டுதான். அந்தப் பெரிய சக்கர மெஷினு பூமிய சுரண்டிச் சுரண்டிப் போடும்ல, மண்ணு ஒரு பெல்ட்டுல போவும், கரி ஒரு பெல்ட்டுல போவும். அது நிக்காமப் பாத்துக்கறதுதான் இவுரு வேலை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ரிட்டயர்டு ஆவற வரைக்கும் அந்த ஒரே வேலைதான்.

கல்யாணமாயி நாலு மாசந்தான்ங்கிற. கம்பெனி லைன் வூட்டுப் பழக்கம் ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்றேன் கேட்டுக்க. வெள்ளத் துணிய வெளியில காயப் போடாத, கரித்தூளு வந்து படிஞ்சிக்கும். நைட்டு ஷிப்டு முடிச்சிட்டுத் தூங்கற ஆளு வூட்டு வாசல்ல நின்னு சத்தமாப் பேசாத, சண்டைக்கி வருவாளுவ. நேரந்தப்பி சங்கு ஊதுச்சின்னா உள்ள யாருக்கோ எதோ ஆயிடுச்சின்னு அர்த்தம், அடுப்ப அணைச்சிட்டு வாசலுக்கு வந்துடு. எல்லாப் பொம்பளைங்களும் வந்து நிப்பம். எந்த வூட்டுக்கு ஜீப்பு வருதுன்னு பாத்துக்கிட்டே நிப்பம். ஜீப்பு நம்ம தெருவத் தாண்டிப் போயிடுச்சின்னா உள்ள போயி மறுபடி அடுப்பப் பத்த வெப்பம். அப்ப மனசுக்குள்ள ஒரு நிம்மதி வரும் பாரு, அது பாவந்தான். எவ வூட்டுக்கோ போவுதுல்ல அது.

அப்புறம் உப்பு. சுரங்கத்துல எறங்குற ஆளுக்கு உப்பு தூக்கலாப் போடணும். இது எங்க மாமியா சொல்லி, லைன்ல இருக்குற அத்தினி பொம்பளைங்களும் செய்யறது. அது தொறந்த பள்ளம், ஆழத்துல காத்து இல்ல, வெயிலு மட்டும் நேரா எறங்கும். அவங்க சட்டையத் தொவைக்கறப்பப் பாரு, முதுவுல வெள்ள வெள்ளையாப் பூத்திருக்கும். அம்மாம் உப்பு வேர்வையில போவுது. போனத நாமதான போட்டு நெரப்பணும்? அதனால கொழம்புல ஒரு கை கூட, மோர்ல ஒரு கை கூட. கருவாடு, ஊறுகா, சுட்ட அப்பளம், இதுல ஒண்ணாவது தூக்குல இருக்கணும். எங்க லைன்ல இதுக்கு சுரங்கத்துச் சோறுன்னே பேரு.

இத ஏன் சொல்றன்னா, நீயே ஞாயத்தச் சொல்லணும். எனக்கு ஒரு நாத்தனா இருக்கா, மாணிக்கவல்லின்னு. பண்ருட்டியில குடுத்துருக்கு. அவ ஊரு பூரா என்ன சொல்லிக்கிட்டுத் திரியறா தெரியுமா? நான் எங்க வூட்டுக்காரர உப்பு போட்டே கொல்லப் பாத்தேனாம். கட்டுன புருசன. புள்ளைக்கு வேலை கெடைக்கணும்னு. கேக்குறியா இந்தக் கொடுமைய? எதுரு வூட்டுக்காரிங்க எல்லாம் இப்ப என்னப் பாத்தா கொழாயடியிலேர்ந்து கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போயிடறாளுவ. நான் ஒண்ணும் பண்ணல. லைன்ல எல்லாரும் போடற உப்பத்தான் போட்டேன்.

மொதல்லேர்ந்து சொல்றேன். அப்பத்தான் ஒனக்குப் புரியும்.

அவுருக்குப் பிரஷரு வந்து ஆறேழு வருசம் ஆவுது. கம்பெனியில ஒடம்பு செக்கப்பு பண்றப்பத்தான் தெரிஞ்சிது. டாக்டரு என்னக் கூப்பிட்டு ஒக்கார வெச்சிச் சொன்னாரு. அம்மா, உப்ப வுட்டுடணும், கருவாடு கண்ணுல காட்டக் கூடாது, மாத்திரைய ஒரு நாளு வுட்டாலும் ஆபத்துன்னாரு. நான் வுடுவனா? அன்னிக்கே உப்பு ஜாடியத் தூக்கி பரண் மேல வெச்சேன். ஸ்டூலு போட்டாத்தான் எட்டும். அவுருக்குத் தனிக் கொழம்பு, எங்களுக்குத் தனிக் கொழம்பு. ஷிப்டு முடிச்சி வந்தா சட்டைப் பையிலேர்ந்து தூக்கு வரைக்கும் சோதனைதான். ஒரு நாளு பாக்கெட்டுல ஊறுகாப் பொட்டலம் இருந்துச்சி. அத எடுத்துக்கிட்டு நேரா காண்டீனுக்கே போயிட்டேன் நானு, எவன்டா எம் புருசனுக்கு இதக் குடுத்ததுன்னு. எல்லாரும் சிரிச்சானுவ. அவுரு என்ன இன்ஸ்பெக்டருன்னுதான் கூப்பிடுவாரு. இன்ஸ்பெக்டரம்மா, சோறு போடறீங்களாம்பாரு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு மொனகிக்கிட்டே திம்பாரு. ஆனா திம்பாரு. பிரஷரு ஒரே மாதிரி நின்னுச்சி. டாக்டரே சொன்னாரு, ஒங்க சம்சாரத்துக்குத்தான் கும்புடு போடணும்னு. நாத்தனா இதெல்லாம் சொல்றாளா? சொல்ல மாட்டா.

எங்களுக்கு ஒரே புள்ள, சுதாகரு. ஐ.டி.ஐ. முடிச்சவன். முப்பது ஆவப் போவுது. சுரங்கத்துக்கு எங்க நெலத்தக் குடுத்ததுக்குத்தான் அவுருக்கு அந்த வேலையே வந்துச்சி. ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலைன்னு குடுத்தாங்க. நெலமும் போச்சி. அவுரு ரிட்டயர்டு ஆயிட்டா வேலையும் போச்சி, குவார்ட்டர்ஸும் போச்சி. புள்ளைக்கி என்ன இருக்குது? எழுத்துப் பரிச்சை எழுதி எழுதிப் பாத்தான். காண்ட்ராக்டுல ஒரு வருசம் போனான். ஒம் மாப்ளயத் தப்பாச் சொல்லல, ஆனா காண்ட்ராக்டுக்காரனுக்கு எங்க ஜனத்துல எவனும் பொண்ணு குடுக்க மாட்டங்கிறான். ஒரு எடத்துல நிச்சயம் வரைக்கும் வந்து, பையனுக்குப் பர்மனெண்டு ஆவுமான்னு கேட்டாங்க. எங்க வூட்டுக்காரரு பொய் சொல்ல மாட்டாரு. சொல்ல முடியாதுன்னாரு. தட்டத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் சுதாகரு எங்கிட்ட நின்னு பேசறதே இல்ல. சோத்தப் போட்டு மூடி வெச்சா எப்பவோ வந்து தின்னுட்டுப் போவான்.

ஒனக்கு வாரிசு வேலைன்னா தெரியும்ல? வேலையில இருக்குறப்பவே ஆளு போயிட்டா, வூட்டுல ஒருத்தருக்கு அந்த வேலையக் குடுப்பாங்க. முன்னெல்லாம் ஒடம்பு முடியலன்னு எழுதிக் குடுத்தாலும் புள்ளைக்குக் குடுத்தாங்கம்பாங்க. இப்ப அதெல்லாம் இல்ல. செத்தாத்தான்.

எங்க அடுத்த வூடு பலராமன் வூடு. அவுரும் பெல்ட்டுதான், எங்க வூட்டுக்காரருக்கு சிநேகிதம், ரிட்டயர்டு ஆவ ஒரு வருசங் கூட இல்ல. பகல் ஷிப்டுல நெஞ்ச வலிக்குதுன்னு ஒக்காந்தவரு எழுந்திரிக்கல. அன்னிக்கி ஜீப்பு எங்க தெருவத் தாண்டல. அவுரு சம்சாரம் ராஜகுமாரி பாவம், பொரண்டு பொரண்டு அழுதா. நாந்தான் தலையப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அங்க ஒரு கெழவி, யாருன்னு வாணாம், ராஜகுமாரி காதுல சொல்றா, அழாதடி, புண்ணியவாளன், புள்ளைக்கு வழி பண்ணி வெச்சிட்டுத்தான் போயிருக்கான்னு. பக்கத்துல இருந்தவளுவ எல்லாம் ஆமாங்குறாளுவ. நானும் ஆமான்னேன். சாவு வூட்டுல ஆமான்னுதான் சொல்லணும். தலையத் தூக்கிப் பாத்தா எங்க வூட்டுக்காரரு வாசத் தூணுகிட்ட நிக்கறாரு. அவுரு காதுல வுழுந்துருக்கும்.

கருமாதி முடிஞ்சி கொஞ்ச நாள்ல அந்தப் பையனுக்கு வேலை வந்துடுச்சி. பர்மனெண்டு. சுதாகரும் அவனும் ஒண்ணாப் படிச்சவனுங்க. அன்னிக்கிச் சாயங்காலம் சுதாகரு வூட்டுக்கு வந்தான், கைகால் கூடக் கழுவல, எதுக்கெல்லாம் குடுத்து வெச்சிருக்கணும் பாரும்மா, அப்பான்னா அவன் அப்பாதான் அப்பான்னான். குளிக்கிற ரூமுல தண்ணி ஊத்துற சத்தம் நின்னு போச்சி. அவுரு உள்ள இருந்தாரு. நான் அவன அடிக்கக் கைய ஓங்கினேன். சத்தியமா ஓங்கினேன். ஓங்குன கையி அப்பிடியே நின்னுடுச்சி. அது ஏன் நின்னுச்சின்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியல. கொஞ்ச நேரங்கழிச்சி உள்ள மறுபடி தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுது.

அந்த வருசம் ஆயுத பூசைக்கி சுரங்கத்துக்குள்ள போனம். நீ இன்னம் பாத்திருக்க மாட்ட. அன்னிக்கி ஒரு நாளுதான் குடும்பத்தோட உள்ள வுடுவாங்க. ஷிப்டு பஸ்ஸுலயே எல்லாரும் எறங்குவம், பொம்பளைங்க எல்லாம் பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், வாழக்கன்னு. பெல்ட்டு உருளைக்கி அடியில எலுமிச்சம்பழத்த வெச்சி ஓட்டுவாங்க. அந்த வருசம் எங்க ஷிப்டு செட்டுல பூசணிக்கா ஒடைச்சது பலராமன் மவன். எங்க வூட்டுக்காரரு சுதாகர இழுத்துக்கிட்டுப் போயி பெரிய ஆபிசருகிட்ட நிறுத்தினாரு. சார் எம் பையன், ஐ.டி.ஐ.ன்னாரு. அந்த ஆபிசரு சுதாகரு தோளத் தட்டிட்டு சுண்டலு வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் இவுரு பெல்ட்டுக்கு முன்னால ரொம்ப நேரம் கண்ண மூடி நின்னாரு. இவுரு சாமி கும்புடற ஆளே இல்ல. பஸ்ஸுல வரப்பக் கேட்டேன், என்னா அப்பிடி வேண்டினீங்கன்னு. நீ வேண்டினதத்தான் விருத்தான்னாரு. எம் பேரு விருத்தாம்பா. நான் என்ன வேண்டினேன்னு இவுருக்கு எப்பிடித் தெரியும்? புள்ளைக்கி ஒரு வழி காட்டுன்னுதான் வேண்டினேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டல.

பொங்கலு கழிஞ்சி ஒரு நாளு, பரண்லேர்ந்து உப்பு எடுக்க ஸ்டூலு மேல ஏறினேன். முட்டிவலி தாங்க முடியல எனக்கு. எத்தினி வாட்டிதான் ஏறி எறங்கறது? ஜாடியக் கீழ எறக்கி அடுப்புப் பக்கத்துல வெச்சிட்டேன். அதான் நடந்துச்சி. இது ஒரு குத்தமா? ரெண்டு கொழம்பு வெக்கவும் அலுப்பா இருந்துச்சி, ஒரே கொழம்பா வெச்சேன். அன்னிக்கி நெத்திலிக் கருவாடு. எனக்கும் சுதாகருக்கும்னு வெச்சதுதான். அவுரு தட்டுலயும் போட்டேன். என்னப் பாத்தாரு. என்னா, இன்னிக்கி இன்ஸ்பெக்டரு லீவான்னாரு. நான் சிரிச்சேன். எம்மாம் நாளாச்சி, கடேசி வருசம், ஆசப்பட்டதத் தின்னுட்டுப் போவட்டுமேன்னு நெனச்சேன். போவட்டும்னா, வேலைய வுட்டுப் போறதச் சொல்றேன்.

அப்புறம் அவுரு கேக்கவே இல்ல. நான் போட்டேன், அவுரு தின்னாரு. ஒரு நாளு மாங்கா ஊறுகா. ஒரு நாளு சுட்ட அப்பளம். தூக்குல மோருக்கு ஒரு கை கூட. லைன்ல பாத்தவளுவ எல்லாம், விருத்தாம்பாவுக்கு என்ன திடீர்னு புருசன் மேல இவ்வளவு ஆசைன்னு கிண்டல் பண்ணாளுவ. எனக்கும் ஒரு மாதிரி சந்தோசமாத்தான் இருந்துச்சி. எத்தினி வருசம் அந்த மனுசன வாயக் கட்டி வெச்சிருந்தேன். அவுரு திங்கறதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பேன். ஒரு பருக்கை மிச்சம் வெக்க மாட்டாரு. சில நாளு அவுரு திங்கறப்ப, போதும், வுடுங்கன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வரும். அதுக்குள்ள அவுரு இன்னங் கொஞ்சம் போடும்பாரு.

மாத்திரையா? அது டவுன்ஷிப்பு ஆஸ்பத்திரியில மாசாமாசம் தருவாங்க. வரிசையில நிக்கணும். நாந்தான் போயி வாங்கிக்கிட்டு வருவேன். முட்டிவலின்னு சொன்னேன்ல. மாசியில போவல. பங்குனியிலயும் போவ முடியல. அவுராவது தீந்து போச்சி, வாங்கிட்டு வான்னு சொல்லலாம்ல? சின்னக் கொழந்தையா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்கல. காலி அட்டைய மடிச்சி அலமாரியிலயே வெச்சிட்டாரு.

சித்திரையில அந்த மாணிக்கவல்லி வந்து ரெண்டு நாளு இருந்தா. ஒரு வாய் அள்ளி வெச்சவ துப்பிட்டா. என்னா அண்ணி, அண்ணனுக்கு இப்பிடிக் கரிக்கக் கரிக்கப் போடறன்னா. இது சுரங்கத்துச் சோறு, ஒனக்கு என்ன தெரியும், நீ முந்திரிக்கொட்ட ஒடைக்கிறவன்னு சொன்னேன். அண்ணன் மூஞ்சியப் பாத்தா. அவுரு குனிஞ்ச தலை நிமிராம, எனக்குச் சரியாத்தான் இருக்குது, நீ சாப்புடுன்னாரு. அவுரே சொன்னாரு பாரு, சரியா இருக்குதுன்னு. அவ அத மட்டும் வெளிய சொல்ல மாட்டா.

மே மாசம். அந்த மாசக் கடேசியில ரிட்டயர்டு. வெளியில தல காட்ட முடியல, அப்பிடி வெயிலு. ஒரு நாளு மத்தியானம், சங்கெல்லாம் ஊதல, சும்மாவே ஜீப்பு வந்துச்சி. நான் மொளகா வத்தல் காய வெச்சிக்கிட்டு இருந்தேன். ஜீப்பு தெருவத் தாண்டல. எங்க வூட்டு முன்னால நின்னுச்சி.

இத யாருகிட்டயும் சொன்னதில்ல. நீ பண்ருட்டியோ கடலூரோ எறங்கிப் போயிடுவ, ஒங்கிட்டச் சொன்னா என்ன. அந்த ஜீப்பு நின்ன ஒடனே எனக்கு மொதல்ல என்ன தோணுச்சி தெரியுமா? அய்யோன்னு தோணல. மாசம் இன்னம் முடியலயே, அப்பிடின்னுதான் தோணுச்சி. நானா நெனைக்கல. தானா வந்துச்சி. அதுக்கு அப்புறந்தான் அழுவாச்சி வந்துச்சி. அப்ப வந்தது நெசமான அழுவாச்சிதாம்மா. இப்ப ராத்திரியில கண்ண மூடுனா அந்த ஜீப்புதான் வந்து நிக்கிது, அந்த நெனப்புதான் மொதல்ல வருது. என்ன செருப்பால அடிச்சாலும் தகும்.

ஒண்ணும் ஆவல. தலை சுத்தி பெல்ட்டுகிட்ட வுழுந்துட்டாரு. கூட இருந்தவனுங்க தூக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில போட்டு, பிரஷரு பாத்தா டாக்டரே பயந்துட்டாரு. எனக்குக் கும்புடு போடணும்னு சொன்ன அதே டாக்டருதான். என்னம்மா, நல்லா இருந்தாரே, என்ன சாப்புட்டாரு, மாத்திரை போட்டாரா இல்லையான்னு என்னக் கேக்குறாரு. கட்டில்லேர்ந்து இவுரு சொல்றாரு, காண்டீன்ல தின்னுட்டேன் சார், எந் தப்புதான். வூட்டுல இவ உப்பே போட மாட்டா. மாத்திரையும் குடுப்பா, நாந்தான் தூக்கிப் போட்டுடுவேன்னாரு.

பொய்யே சொல்லாத மனுசன். தட்டத் திருப்பிக்கிட்டுப் போறப்பக் கூட ஒரு பொய் சொல்லல.

டாக்டரு லீவு எழுதித் தரேன்னாரு. வூட்டுலயே இருங்க, ரிட்டயர்டு ஆவற அன்னிக்கி மட்டும் போயி மாலைய வாங்கிக்கங்கன்னாரு. இவுரு கேக்கல. டூட்டியிலதான் இருப்பேன், வேல பாத்துத்தான் முடிப்பேன்னுட்டாரு. கூட வேல பாக்குறவனுங்க எல்லாம் வந்து சொன்னானுவ, அண்ணே நீங்க சும்மா ஒக்காருங்க, உங்க வேலைய நாங்க பாக்குறோம்னு. கேக்கல. சுதாகரு வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தான், அவன் ஒரு வார்த்தை போவாதப்பான்னு சொல்லல. நான் சொன்னேன். போவ வாணாங்கன்னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். இவுரு தூக்கத் தொறந்து பாத்தாரு. கருவாடு வெக்கலியான்னு கேட்டாரு.

ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த ஆளு கேக்குறாரு. கேட்டா என்ன பண்ணுவ நீ? வெச்சேன்.

அப்பிடித்தான் அந்தக் கடேசி வாரம் பூரா போச்சி. அவுரு போவாரு, நான் வாசல்லயே ஒக்காந்திருப்பேன். ஒரு ஜீப்பு சத்தங் கேட்டா எழுந்து நின்னுடுவேன். சாயங்காலம் ஷிப்டு பஸ்ஸு வந்து அவுரு எறங்குவாரு. எறங்கி வந்து, வந்துட்டேன் விருத்தாம்பாரு. எதோ தப்பு பண்ணிட்டு வந்த ஆளு மாதிரி சொல்லுவாரு.

கடேசி நாளும் வந்துடுச்சி. எங்க லைன்ல அதுக்கு ஒரு மொறை இருக்குது. செட்டு ஆளுங்க எல்லாம் வேன் புடிச்சி, மேளத்தோட, வெடி போட்டுக்கிட்டு ஆளக் கொண்டாந்து வூட்டுல வுடுவாங்க. சம்சாரம் ஆரத்தி எடுக்கணும். முழு ஒடம்போட கொண்டாந்து ஒப்படைச்சிட்டம்மான்னு மூத்தவரு ஒருத்தரு சொல்லுவாரு. சுரங்கத்துலேர்ந்து முழுசா வரதுதான் பெருசு, அதனால அப்பிடிச் சொல்றது. ரோசாப்பூ மாலையோட வேன்லேர்ந்து எறங்கினாரு. அந்த மூத்தவரு சொன்னாரு, தெய்வசிகாமணிய முழுசா ஒப்படைச்சிட்டம், பாத்துக்கம்மான்னு. எனக்கு அழுவ வந்து, தட்டு சாஞ்சி ஆரத்தித் தண்ணி அவுரு வேட்டியில கொட்டிடுச்சி. சந்தோசத்துல அழுவறான்னு எல்லாரும் சொன்னாங்க. மாணிக்கவல்லியுந்தான் அங்க நின்னா, அவ மட்டும் என் மூஞ்சியவே பாத்தா. சுதாகரு வெளியிலயே வரல.

எல்லாரும் போனப்புறம் எலை போட்டேன். விருந்து சோறு. கூட்டு, பொரியலு, அப்பளம், ஊறுகா எல்லாம் வெச்சேன். மாலையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்து ஒக்காந்தாரு. அப்பளத்த எடுத்து எலைக்கி வெளியில வெச்சாரு. ஊறுகாய வழிச்சி ஓரமாத் தள்ளினாரு. அப்புறம் என்ன நிமிந்து பாத்து, கோவமே இல்லாம, நல்லாத்தான் சொன்னாரு.

இனிமே உப்பக் கொறைச்சிடு விருத்தா. இனிமே எதுக்கு.

அம்மாந்தான் சொன்னாரு. நான் சரின்னேன். பாத்தியா, மனுசன் தானா திருந்திட்டாரு, நான் சொல்லிக் கேக்காதவருன்னு நெனச்சிக்கிட்டேன். ஸ்டூலப் போட்டு ஜாடியத் தூக்கி மறுபடி பரண்லயே வெச்சிட்டேன். முட்டி வலிச்சிதான்னு கூட ஞாபகம் இல்ல. மறுநாளு காலையில சுதாகரு பையத் தூக்கிக்கிட்டு திருப்பூரு போயிட்டான். போன் பண்ணா அப்பா எப்பிடி இருக்காருன்னு கேப்பான். நல்லா இருக்காருன்னு சொன்னா, சரி வெக்கட்டுமான்னு கேப்பான்.

இப்பப் பாரு, அவுரே போன்ல மணி வெச்சி மாத்திரை போட்டுக்கறாரு. என்ன எதிர்பாக்குறதே இல்ல. தண்ணி கூட அளந்து குடிக்கிறாரு. டாக்டருகிட்ட, எம்மாம் நாளு தள்ளலாம் சார்னு கொழந்தையாட்டம் கேக்குறாரு. ஆனா கிட்னி போனது போனதுதான்னுட்டாங்க.

என்ன கேட்ட? அவுருக்குத் தெரியுமான்னா? என்ன தெரியணும்? தெரியறதுக்கு இதுல என்ன இருக்குது? நீயும் மாணிக்கவல்லி மாதிரி பேசாத. எல்லாத்தையும் ஒங்கிட்டத்தான சொன்னேன், நான் எதுனா பண்ணேனா? லைன்ல எல்லாரும் போடற உப்பு.

பண்ருட்டி வந்துடுச்சி போல. முந்திரி விக்கிறவன் ஏறிட்டான். வாங்கிக்க, இங்க நல்லா இருக்கும். எனக்கு வாணாம்மா. அதோ பாரு, அவுரு திரும்பிப் பாக்குறாரு. வேணுமான்னு கேக்குறாரு. எனக்குத்தான் கேக்குறாரு, அவுருக்கு இல்ல. வாணாங்க, வாணாம். நீங்க கால நீட்டிக்கிட்டு ஒக்காருங்க.

இன்னம் ஒரு உதவி பண்ணு. கைய நீட்டு. இரு, தூக்கத் தொறக்குறேன். பீர்க்கங்காக் கூட்டும் சோறும். உப்பே போடல. காலையில கைய ரெண்டு தடவ கழுவிட்டுத்தான் பெசஞ்சேன். ஆனா நான் ருசி பாக்குறப்பல்லாம் எனக்குக் கரிக்குது. கொட்டிட்டு மறுபடி வடிச்சேன், அப்பவும் கரிச்சிது. அவுருகிட்டக் கேட்டா சரியாத்தான் இருக்குதும்பாரு. அன்னிக்கும் அப்பிடித்தான சொன்னாரு, அவுரு சொல்றத நான் எப்பிடி நம்பறது? நீ வேத்து ஆளு. ஒரு வாய் போட்டுக்கிட்டுச் சொல்லு.

உப்பு இல்லல்ல? நல்லா மென்னு பாத்துச் சொல்லும்மா.